மாக்சியா, வான்கோவா: சித்தப்பாவின் கண்ணுக்கு மருந்து தேடிய கதை

என் மருந்துக்கடை ரங்கூனுக்கு அக்கரையில், தன்லினில் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். கண் சிவந்து கடைக்கு வருகிறவர் தமிழராக இருந்தாலும் பர்மியராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "சயா, இருக்கறதிலேயே பவரான சொட்டு எதுவோ அதைக் குடுங்க."

போன கார்த்திகையில் என் சித்தப்பாவும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார். பெகு பக்கத்தில் வயல் வைத்திருக்கிறார். அறுப்பின்போது நெல்தாள் வலது கண்ணில் கீறிவிட்டது. அன்றைக்குச் சித்தி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்து விட்டார். மறுநாள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். பேர் எதற்கு, அந்த மருந்தில் ஆன்டிபயாடிக்கோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தது. சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், கிருமியைக் கொல்லாது. சிவப்பு ஒரே நாளில் இறங்கியது. சித்தப்பாவுக்கு ஏக சந்தோஷம். ஆறாம் நாள் கருவிழியின் நடுவில் மிளகளவு வெள்ளை விழுந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் நிற்கவே இல்லை.

பஸ் ஏறி வருவதற்கு முன்பே சென்னையில் இருக்கும் பங்காளி வீட்டுப் பையனிடம் போனில் கேட்டுவிட்டார். "மாக்சியெல்லாம் இப்போ கேக்காது, கிருமி பழகிடுச்சு, வான்கோமைசின்தான் கடைசி மருந்து" என்று அவன் சொல்லியிருக்கிறான். சித்தப்பா என் முன்னால் வந்து நின்றபோது அவர் கையில் இரண்டு ஆன்டிபயாடிக் பெயர்கள் இருந்தன, மாக்சிஃப்ளாக்சசின், வான்கோமைசின். மாக்சியா, வான்கோவா?

இரண்டில் எதையும் நான் கொடுக்கவில்லை. கருவிழிப் புண்ணைக் கடைக்காரன் தொடக்கூடாது. அன்றே ரங்கூன் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த இரண்டு வாரம் நாங்கள் அதே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் எங்கள் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் கிடக்கும் மருந்தைச் சொல்லிவிடுகிறேன்: குளோராம்பெனிகால் களிம்பு. விலை மலிவு, ஐஸ்பெட்டி தேவையில்லை. இதைக் கேலி பண்ண எனக்கு மனம் வராது. நேபாளத்தின் பக்தபூரில் கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் கிராம ஊழியர்களே இந்தக் களிம்பைப் போட்டார்கள். அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்ட யாருக்கும் புண் வரவில்லை. நம் பெகு பக்கத்துக் கிராமங்களிலும் அதே முறையைச் செய்து பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். இங்கே பூஞ்சை அதிகம் என்பதால் குளோட்ரிமசோலையும் சேர்த்து, நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். சித்தப்பா முதல் நாளே இதைப் போட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. ஆனால் இது கீறலுக்கான மருந்து. வெள்ளை விழுந்த பிறகு இதை நம்பக்கூடாது. கிருமியை இது வளரவிடாமல் நிறுத்துமே தவிர பெரும்பாலும் கொல்லாது. சூடோமோனாஸ் என்ற கிருமியிடம் இதன் பாச்சா பலிக்கவே பலிக்காது.

சரி, மாக்சிக்கு வருவோம். மாக்சிஃப்ளாக்சசின் 0.5 சதவீதச் சொட்டு. ஃப்ளோரோகுயினோலோன் குடும்பத்தில் நான்காம் தலைமுறை. சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் எல்லாம் இதற்கு அண்ணன்மார். இதற்கு எதிரே நிற்பது ஆஸ்பத்திரியில் கலந்து தரும் சொட்டு. ஊசி மருந்துப் பொடியைக் கரைத்துக் கடைச் சொட்டைவிடப் பல மடங்கு கெட்டியாகச் செய்வார்கள். பழைய ஜோடி செஃபசோலினும் டோப்ராமைசினும். மருந்தை எதிர்க்கும் கிருமி என்று சந்தேகம் வந்தால் வான்கோமைசினும் செஃப்டாசிடிமும்.

மாக்சியை ஏதோ சில்லறை மருந்து என்று நினைக்க வேண்டாம். ஃப்ளோரோகுயினோலோன் ஒன்றை மட்டும் விட்டவர்களையும் இரண்டு கலப்புச் சொட்டு விட்டவர்களையும் பல சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் அந்தச் சோதனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது புண் ஆறுவதில் வித்தியாசம் தெரியவில்லை. எரிச்சல் என்று பார்த்தால் கலப்புச் சொட்டுதான் மோசம். சிப்ரோவில் மட்டும் புண்மேல் வெள்ளைப் பொடி படிகிற தொல்லை உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சேர்ந்து 500 நோயாளிகளை வைத்து நடத்தி 2012-இல் வெளியிட்ட ஸ்டீராய்டு சோதனையிலும் எல்லோருக்கும் அடிப்படை மருந்து மாக்சிதான். முதல் 48 மணி நேரம் விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு.

அப்புறம் ஏன் இந்த வான்கோ பேச்சு? அந்த ஒப்பீடுகளில் பல, கிருமிகள் இவ்வளவு பழகாத காலத்தில் நடந்தவை. அமெரிக்காவில் 2009 முதல் 2018 வரை கண்ணிலிருந்து எடுத்த கிருமிகளைச் சோதித்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்த்தது. இமை ஓரத்தில் குடியிருக்கும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸில் ஏறக்குறைய பாதி. மெத்திசிலினை எதிர்க்கும் கிருமி அதோடு நிற்பதில்லை, ஃப்ளோரோகுயினோலோனுக்கும் அநேகமாகப் பழகியிருக்கும். அதே பட்டியலில் இந்த இரண்டு கிருமிகளும் வான்கோமைசினுக்கு ஒன்று விடாமல் அடங்கின. சென்னைப் பையன் சொன்னதில் பாதி உண்மைதான்.

மறுபாதியை அவன் சொல்லவில்லை. வான்கோமைசின் ஒரு பக்கத்துக் கிருமிகளைத்தான் கொல்லும். கிருமிகளை இனம் பிரிக்க ஆய்வகத்தில் ஏற்றும் கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரிகிற வகை. சிவப்பாகத் தெரிகிற வகைக்குக் கூடுதலாக ஒரு வெளித்தோல் உண்டு. வான்கோமைசின் மூலக்கூறு பெரியது, அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போகாது. சூடோமோனாஸ் அந்தச் சிவப்பு வகை. இரண்டே நாளில் கருவிழியைக் கரைத்துவிடும் கிருமி அது. வான்கோவை மட்டும் விட்டுக்கொண்டு "கடைசி மருந்தே விட்டாச்சு" என்று இருந்தால் கண் போய்விடும். அதனால்தான் எது என்று தெரியாதபோது வான்கோவோடு செஃப்டாசிடிமையோ டோப்ராமைசினையோ சேர்த்தே கொடுக்கிறார்கள்.

இதை முடிவு செய்ய உதவியது ஒரு மெல்லிய தகடு. ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் கண்ணை மரக்கவைத்துவிட்டு டாக்டரம்மா புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் தடவினார். ஒன்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பூஞ்சை இழை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இன்னொன்றில் கிராம் சாயம். இவ்வளவுக்கும் அரை மணி நேரம்கூட ஆகாது. மிச்சத்தைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்தார்கள். அந்த விடை வர இரண்டு மூன்று நாள். நெல்தாள் அடியும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் எனக்கு முதல் பயம் பூஞ்சைதான். பூஞ்சையாக இருந்தால் மாக்சியும் வான்கோவும் இரண்டுமே வீண், நேட்டமைசின் 5 சதவீதம் வேண்டும். அதைவிட விலை கூடிய வோரிகோனசோல் மேல் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2013-இல் வெளியான 323 பேர் சோதனையில் நேட்டமைசின்தான் ஜெயித்தது, அதுவும் ஃபியூசேரியம் பூஞ்சையில் நன்றாகவே. வயலில் அடிபட்ட கண்ணுக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று கேட்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, சுரண்டிப் பார்த்தார்களா என்றுதான்.

சித்தப்பாவுக்கு இழை தெரியவில்லை. ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்து மாதிரி உருண்டைகள். ஸ்டஃபைலோகாக்கஸ். ஸ்டீராய்டை நிறுத்தி, மாக்சியை மணிக்கொரு முறை விடச் சொன்னார்கள். 48 மணி நேரம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. சித்தப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "பேர் தெரிஞ்சும் ஏம்மா சின்ன மருந்து?" என்று கேட்டார்.

"பேர்தான் தெரியும், குணம் தெரியலையே" என்றார் அவர். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் ஆய்வகச் சீட்டு வந்தது. மெத்திசிலினுக்கு எதிர்ப்பு. மாக்சிக்கு நேராகவும் 'ஆர்' என்று போட்டிருந்தது, ரெசிஸ்டன்ட். வான்கோமைசினுக்கு நேராக 'எஸ்', அதாவது கிருமி அதற்கு அடங்கும். இதோ விடை கிடைத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். டாக்டரம்மா சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு முதலில் கண்ணைப் பார்த்தார். புண்ணின் அளவை அளந்து பழைய அளவோடு ஒப்பிட்டார். கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அதன் பிறகுதான் மாற்றினார்.

ஏன் கண்ணை முதலில் பார்த்தார் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆய்வகம் ஆர், எஸ் என்று பிரிக்கும் கோட்டைப் பெரும்பாலும் ரத்தத்தில் மருந்து எவ்வளவு சேரும் என்பதை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். 400 மில்லிகிராம் மாக்சி மாத்திரையை முழுங்கினால் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு அதிகபட்சம் நாலைந்து மைக்ரோகிராம் சேரும். 0.5 சதவீதச் சொட்டில் ஒரு மில்லிக்கு 5,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆயிரம் மடங்கு. மாத்திரைக்கு அடங்காத கிருமி அந்த வெள்ளத்தில் செத்துப் போகலாம். கலந்து தரும் வான்கோ இன்னும் கெட்டி, மில்லிக்கு 25,000 முதல் 50,000 வரை.

அதற்காகச் சீட்டைக் கிழித்துப் போடவும் முடியாது. கண்ணின் மேற்பரப்பில் தங்குவது ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டே அதைவிடப் பெரிது. பாதி கன்னத்தில் வழியும், மீதியைக் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிக்கொண்டு போகும். அந்த ஆயிரம் மடங்கு ஒரு மின்னல் மாதிரிதான். ஆழமான புண்ணின் அடியில் எவ்வளவு சேர்கிறது என்பது வேறு. மேலே சொன்ன ஸ்டீராய்டு சோதனை நோயாளிகளின் கிருமிகளைப் பார்த்தவர்கள், கிருமியைக் கொல்ல எவ்வளவு அதிக மருந்து தேவைப்பட்டதோ அந்த அளவுக்குப் புண் மோசமாகவே ஆறியது என்று கண்டார்கள். ஆக, 'ஆர்' என்றால் கொஞ்சம் பயப்பட வேண்டும், ஆனால் புண் ஆறிக்கொண்டிருந்தால் ஓடும் குதிரையை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பெண், கலர் லென்ஸ் போட்டுக்கொண்டே தூங்கியவள். கருவிழி ஓரத்தில் சின்னப் புண். அவள் சீட்டிலும் மாக்சிக்கு 'ஆர்'தான். சீட்டு வருவதற்குள் புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. மருந்தை மாற்றவே இல்லை, ஆறிவிட்டது. அதே சீட்டு, அதே மருந்து, இரண்டு கண், இரண்டு முடிவு. ஓரத்துச் சின்னப் புண் பொறுத்திருக்கலாம். நடுவில் இருக்கும் ஆழப் புண் பொறுக்காது, ஏனென்றால் ஆறினாலும் தழும்பு பார்வைக்கு நேராக நிற்கும்.

லென்ஸ் என்றதும் இன்னொன்று. லென்ஸ் புண்ணில் பெரும்பாலும் முதல் சந்தேகம் சூடோமோனாஸ் மேல்தான். அது எதற்கும் மசியாத வகையாக இருந்தால் கோலிஸ்டினைச் சொட்டாகக் கரைத்துக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் 0.19 சதவீதத்தில் கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 2022-23-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வழியாக ஒரு சூடோமோனாஸ் பரவியது. 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை இழப்பு, நாலு பேருக்குக் கண்ணையே எடுத்தார்கள், நாலு பேர் இறந்தே போனார்கள். அந்தச் சொட்டு தயாரானது சென்னைக்குப் பக்கத்தில். வழக்கமான மருந்து எதற்கும் அது அடங்கவில்லை. செய்தி வந்த அன்று என் கடை அலமாரியில் இருந்த செயற்கைக் கண்ணீர்க் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து லேபிள் படித்தேன். அந்த மருந்து என்னிடம் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

மாத்திரையையும் நரம்பு வழியாக ஏற்றும் ஊசியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, அதனால் கருவிழிப் புண்ணுக்கு மாத்திரை பெரிதாக உதவாது. கண்ணுக்கு உள்ளேயே சீழ் பிடித்தால், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வருமே அது, அங்கே சொட்டும் போதாது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராம், ஒவ்வொன்றும் 0.1 மில்லியில். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி ஏறக்குறைய 4 மில்லி, கணக்குப் போட்டால் மில்லிக்கு 250 மைக்ரோகிராம் வான்கோ. எதிர்ப்புள்ள ஸ்டஃபைலோகாக்கஸுக்கே ஒன்றிரண்டு மைக்ரோகிராம் போதும். 1995-இல் 420 பேரை வைத்து முடித்த அமெரிக்கச் சோதனையில், இதோடு நரம்பு வழியாகவும் ஆன்டிபயாடிக் ஏற்றியதால் பலன் எதுவும் கூடவில்லை. வெளிச்சம் மட்டுமே தெரிகிற நிலைக்குப் போனவர்களுக்கு மட்டும் ஜெல்லியை உடனே ஆபரேஷனில் எடுத்தது உதவியது.

சித்தப்பாவுக்கு வான்கோவும் செஃப்டாசிடிமும் எழுதினார்கள். கிருமியின் பேர் தெரிந்த பிறகும் ஏன் இரண்டு என்று கேட்டேன். ஸ்டீராய்டு பட்ட கண், தட்டில் வளராத இன்னொன்று ஒளிந்திருக்கலாம், நாலு நாள் போகட்டும் என்றார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது.

இங்கேதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒப்பீடு வந்தது. மாக்சிக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகலாம். கலப்புச் சொட்டு ஐஸ்பெட்டியில் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. எங்கள் ஊர்க் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பெகு கிராமத்தில் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பது ஒரு பாடு. கிடைத்தாலும் ராத்திரி முழுக்க மணிக்கொரு முறை சொட்டு விட வீட்டாள்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐஸில் வைக்காத வான்கோவா, அலமாரியில் வைத்த மாக்சியா என்று கேட்டால், அந்த இடத்தில் எது பவரான மருந்து என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் பார்த்தவரை, புண் சின்னதாக, ஓரமாக இருந்து, நோயாளி தூரத்து ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் மாக்சியையே கேட்டுப் பார்க்கலாம். அவருக்கும் நோயாளியின் ஊர் தெரிந்திருக்க வேண்டும். புண் நடுவில், பெரிதாக, இல்லை இரண்டு நாள் மாக்சி விட்டும் பரவுகிறது என்றால் கலப்புச் சொட்டுதான், ஐஸ்பெட்டி இருக்கும் வீட்டில் தங்கித்தான் ஆக வேண்டும். "ஊசி மருந்துப் பொடி என் கடையிலேயே இருக்கு, நானே கலக்கிக்கறேன்" என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. வேண்டாம். தூசியில்லாத பெட்டிக்குள், கிருமி நீக்கிய நீரில், கார அமிலம் பார்த்துக் கலக்குகிற வேலை அது. கலப்பில் பிசகினால் கண்ணுக்குள் நாமே கிருமியை விடுவோம்.

சித்தப்பா என் வீட்டிலேயே தங்கினார். மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, தினமும் காலையில் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டேன். குப்பிகள் ஐஸ் தண்ணீரில் மூழ்காமலிருக்க ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்தேன். கரண்ட் இருந்தால் ஐஸ்பெட்டி, போனால் தெர்மாகோல். ராத்திரியை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். பத்திலிருந்து ஒன்று வரை என் மகள், ஒன்றிலிருந்து நாலு வரை நான், அப்புறம் சித்தி. வான்கோ விட்டால் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் செஃப்டாசிடிம், இல்லையென்றால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிவிடும். வான்கோ எரியும். ஒவ்வொரு முறையும் சித்தப்பா பர்மியில் ஒரு வசவு, தமிழில் ஒரு முருகா.

நாலாம் நாள் புண் ஓரம் மங்கலாக இருந்தது தெளிவானது. பரவல் நின்றது. ஆறாம் நாள் செஃப்டாசிடிமை நிறுத்தி, வான்கோவை இரண்டு மணிக்கு ஒரு முறையாகக் குறைத்தார்கள். வலி போய்விட்டது. தழும்பு நடுவிலேயே நிற்கிறது. அந்தக் கண்ணால் ஆளைத் தெரிகிறது, முகத்தைத் தெரியவில்லை. கருவிழி மாற்று பற்றிப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார்கள்.

ஏழாம் நாள் சாயங்காலம் மிச்சமிருந்த வான்கோவைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். சித்தி பின்னால் நின்றிருந்தார். "இவ்வளவு காசு குடுத்து வாங்கினது, அரைக் குப்பி இருக்கேப்பா, அதை ஏன் ஊத்துற?" என்றார். புதுக் குப்பி கலந்து வாங்கக் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம்.